தாளிக்காத கல்யாணம்

டீ குடிக்கத் தெரியாத பொண்ணு இந்த வேலைக்கு வரக் கூடாது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். தோள்ல பையும் கைல ஐஸ் பிளாஸ்க்குமா புதுசா தடுப்பூசி போடக் கிளம்பியிருக்கீங்க. ஊசி எப்படிப் பிடிக்கிறது, மருந்தை எப்படிக் கெடாம வெச்சுக்கறதுங்கிறதெல்லாம் எனக்கு மேல உங்களுக்குத் தெரியும். நான் அதுக்குள்ள போகல. கை நீட்ட மாட்டேன்னு ஒரு பொம்பள வாசல்ல நின்னா என்ன பண்றதுன்னு மட்டும் சொல்றேன். தமிழ் படிக்கத் தடுமாறுறவங்க பக்கத்துல இருக்கறவளைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. புனேல பொறந்து வளர்ந்த புள்ளைங்க, உங்கமேல தப்பில்ல. "பாஜி வாங்கிட்டு வா, ரிக்‌ஷாவ ரோக்கோ பண்ணு"ன்னு மராட்டியும் இந்தியும் கலந்து பேசியே நாங்க வளர்த்துட்டோம்.

நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க டிஸ்பென்சரில ஒரு பெரிய சிஸ்டர் இருந்தாங்க. மராட்டிக்காரங்க. கட்டையான உருவம், நடந்தா தரை அதிரும், கோவம் வந்தா கூரையும் அதிரும். முதல் நாள் அவங்க எனக்குச் சொன்ன ஒரே பாடம், "ஆதி சஹா, மக் சுயி." முதல்ல டீ, அப்புறம் ஊசி. இது என்னடா பாடம்னு எனக்குள்ள ஒரே இளக்காரம். பரீட்சைல நல்ல மார்க் வாங்கின திமிர் வேற. டீ குடிக்கவா கவர்மென்ட்டு சம்பளம் குடுக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பல்லாம் பெரியம்மை இருந்துச்சு. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். அம்மை குத்தறதுன்னா இப்ப நீங்க போடற ஊசி மாதிரி இல்ல. கைய லேசா கீறி மருந்து வைப்போம். நாலஞ்சு நாள்ல அந்த இடத்துல ஒரு கொப்புளம் எழும்பும். பழுக்கும், காயும், பொருக்கு உதிர்ந்து தழும்பு நிக்கும். கொப்புளம் வந்தாத்தான் மருந்து பிடிச்சுதுன்னு அர்த்தம். நான் சொல்லப் போறதுல பாதி ரகளை அந்தக் கொப்புளத்தாலதான்.

அறுபதுகளோட ஆரம்பத்துல ஒரு கோடைக்காலம். கட்கி பக்கம் பெரியம்மை வந்துடுச்சு. போபோடில ஒரு சந்து முழுக்க நம்ம தமிழ் ஜனம், குடியாத்தம் ஆம்பூர் பக்கத்துலேருந்து வந்தவங்க. ஆம்பளைங்க பாக்டரியிலயும் கன்டோன்மென்ட்லயும் வேலை. பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்கதானே, நீ போ"ன்னாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் சோலாப்பூர் தாண்டினா எல்லாரும் என் ஆளுங்க. நான் கும்பகோணம். அந்தச் சந்துக்காரங்க பேசறது எனக்குப் பாதி புரியும். நான் பேசறதைக் கேட்டா அவங்களுக்கு முழுசும் சிரிப்பு.

போனேன். அப்பா, என்னா மரியாதை! எந்த வீட்டுலயும் கதவச் சாத்தல. "வா சிஸ்டரு, குந்து"ன்னு பாய் போட்டாங்க. டீ வந்துது, முறுக்கு வந்துது. கை மட்டும் வரல. ஒருத்தி, "ஊட்டுக்காரரக் கேக்கணும்"ன்னா. ஊட்டுக்காரரத் தேடிப் போய்க் கேட்டா, "பொம்பளைங்க விஷயம், அவளக் கேளுங்க"ன்னாரு. இன்னொருத்தி, "புள்ள தூங்குது"ன்னா. அந்தப் புள்ள அவ பின்னாலயே நின்னு முறுக்கு கடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்குது. அடுத்த வீட்டுல இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னாங்க. சனிக்கிழமை போனேன், சனிக்கிழமைன்னாங்க.

சரி, பயப்படுத்திப் பார்ப்போம்னு எங்க ஆபீஸ்ல குடுத்த படத்தைக் கொண்டு போனேன். உடம்பெல்லாம் அம்மை போட்ட ஒரு குழந்தை படம். பாக்கறவங்க நடுங்கிப் போய்க் கைய நீட்டுவாங்கன்னு எங்களுக்குச் சொல்லியிருந்தாங்க. சந்துப் பொம்பளைங்க கூடி நின்னு பார்த்தாங்க. "ஐயோ பாவம், யாரு பெத்த புள்ளயோ"ன்னு ஒருத்தி கண்ணத் தொடைச்சுக்கிட்டா. உள்ள போய் துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன ஒரு பழைய வேட்டிய எடுத்துட்டு வந்து என் கைல குடுத்தா. "இத்தப் போட்டு அந்தப் புள்ளயப் படுக்க வெக்கச் சொல்லு சிஸ்டரு, உடம்பு எரியாது." வேட்டிய வாங்கிக்கிட்டு வந்தேன்.

எங்க சானிட்டரி இன்ஸ்பெக்டருக்கு இதெல்லாம் கேட்டுக் கோவம் வந்துடுச்சு. அவர் ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கிட்டு மறுநாள் காலைல வந்தாரு. சந்துல ஈ காக்கா இல்ல. எல்லா வீட்டுலயும் பூட்டு. அத்தனை ஜனமும் முளா ஆத்தங்கரைக்குத் துணி துவைக்கப் போயிட்டாங்க, கைக்குழந்தை உள்பட. இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரரும் சந்து முனைல இருந்த காதர் பாய் கடைல டீ குடிச்சுட்டுத் திரும்பினாங்க. ஆதி சஹா வரைக்கும் அவங்களும் சரியாத்தான் பண்ணாங்க.

அந்தக் காதர் பாய் ஆம்பூர்க்காரர். அவர் குடும்பத்துல எல்லாரும் போன வருஷமே அம்மை குத்திக்கிட்டவங்க. அன்னிக்கு நான் அவர் கடை பெஞ்சுல தலைல கை வெச்சு உக்காந்திருந்தேன். பார்த்துப் பொறுக்காம அவர்தான் சொன்னாரு.

"சிஸ்டரம்மா, இவங்களுக்கு உங்க மருந்து மேல பயம்னு நெனச்சுக்கினு கீறீங்களா? அதெல்லாம் இல்ல. நம்ம சந்து கன்னியம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்காங்க."

"என்ன வாக்கு?"

"அது பொண்ணு வசந்தாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. அது முடியற வரைக்கும் சந்துல ஒருத்தரும் குத்திக்கறது இல்லன்னு. என்னையும் கேட்டாங்க. நான் ஏற்கெனவே குத்திக்கினவன், தப்பிச்சேன்."

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. ஒரு வீட்டுல அம்மை வார்த்தா அம்மா வந்திருக்கான்னு அர்த்தம். வாசல்ல வேப்பிலை சொருகணும், கறி மீன் கூடாது, எண்ணெய்ல கடுகு போட்டுத் தாளிக்கக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, மேளம் கூடாது. தண்ணி ஊத்தி அம்மாவ அனுப்பி வைக்கிற வரைக்கும் அந்த வீட்டுல நல்ல காரியமே கிடையாது. நாங்க குத்தற மருந்துக்கு எழும்புற கொப்புளமும் அவங்களுக்கு அம்மாதான். அந்தச் சந்துல ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். யார் வீட்டுல கொப்புளம் எழும்பினாலும் கல்யாணம் நின்ன மாதிரிதான்.

சும்மா ஒரு கல்யாணமும் இல்ல அது. மாப்பிள்ளையோட அப்பா தவறிப் போனதால ஒரு தடவ தள்ளிப் போச்சு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காம இன்னொரு தடவ. இந்தத் தடவையும் நின்னா வேற இடம் பார்த்துடுவாங்கன்னு கன்னியம்மாக்காவுக்கு ராத்தூக்கம் இல்ல. அந்தச் சந்துல யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் முதல்ல வெந்நீர் வைக்கிறது கன்னியம்மாக்கா. சாவுன்னாலும் முதல்ல கஞ்சிப் பானையோட வர்றது அவதான். அப்படிப்பட்டவ கேட்டா யார் மறுப்பாங்க? நான் முட்டாள்தனம்னு நினைச்சது பாசம், பொண்ணுங்களா. சந்து முழுக்க ஒரு பொண்ணோட கல்யாணத்துக்காக மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

நேரா கன்னியம்மாக்கா வீட்டுக்குப் போனேன். வசந்தா உள்ள ரவிக்கைக்குக் கொக்கி தைச்சுக்கிட்டிருந்தா. நல்ல களையான பொண்ணு. சின்ன வயசுல ஊர்ல குத்தினதுன்னு சொன்னாங்க, கையத் தடவித் தடவித் தேடிப் பார்த்தேன், தழும்பக் காணோம்.

"அக்கா, பக்கத்து சந்துல ஒரு புள்ளைக்கு வார்த்திருக்கு. கல்யாணத்துக்கு நூறு பேர் வருவாங்க. பொண்ணுக்கு ஒண்ணு ஆனா?"ன்னேன்.

"வாய வெச்சுக்கினு சும்மா இரு சிஸ்டரு! நல்ல நாளு அதுவுமா. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினு கீறேன், அவ பாத்துப்பா. தாலி ஏறட்டும். அப்பால எங்க சந்து பூரா கைய நீட்டறோம், நீ அருவாமணை எடுத்துனு வந்து அறுத்துக்கோ."

அவ்வளவுதான், டீ வந்துடுச்சு. நான் பெரிய சிஸ்டர்கிட்ட போய் அழாத குறையாச் சொன்னேன். அவங்க கேட்டுட்டு, "எத்தனை டீ குடிச்ச?"ன்னாங்க. கணக்கே இல்லன்னேன். "இன்னும் குடி"ன்னாங்க. அந்தப் பொம்பளைய அன்னிக்கு எனக்குக் கட்டோட பிடிக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூறைப்புடவை எடுக்க வந்தாங்க. ரெண்டு வீட்டாரும் லட்சுமி ரோடு ஜவுளிக்கடைக்குப் போறதுக்கு முன்னால பொண்ணு வீட்டுல சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தா கன்னியம்மாக்கா, இத்தனை நாள் டீ குடிச்ச உறவு விட்டுப் போகுமா? மாப்பிள்ளை பேரு சேகர், கோர்படி ரயில்வே காலனில இருந்தான், எஞ்சின் ஷெட்ல வேலை. கூட அவங்கம்மா ராஜம்மா. பட்டுப்புடவை, வெத்தலச் சிவப்பு, பார்த்தாலே சம்பந்தின்னு தெரியற முகம்.

கன்னியம்மாக்கா கோழிக்குழம்பு வெச்சிருந்தா. வாசனை தெருமுனை வரைக்கும் போச்சு. மாப்பிள்ளை என்னடான்னா வெறும் சோத்துல மோர ஊத்திப் பிசையறான். "குழம்பு ஊத்தறேன் மாப்ள"ன்னு கெஞ்சினா, "வயிறு சரியில்லைங்க"ன்னான். ராஜம்மா தனக்கு விரதம்னாங்க. ஞாயித்துக்கிழமை என்ன விரதமோ! மோர்ல கொஞ்சம் கடுகும் கறிவேப்பிலையும் தாளிச்சுக் கொட்டியிருந்தது. அந்தப் பையன் ஒரு விரலால ஒவ்வொரு கடுகா இலை ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டிருந்தான். கல் பொறுக்கற மாதிரி அவ்வளவு கவனம். அந்த வேகாத வெயில்ல முழுக்கை சட்டை வேற. மாமனார் பாசமா இடது கைல தட்டிக் குடுத்தாரு. பையன் பல்லக் கடிச்சான்.

எனக்குப் பொறி தட்டிடுச்சு. கை கழுவ அவன் பின்பக்கம் போனப்ப நானும் போனேன்.

"தம்பி, கையக் காட்டு."

"எந்தக் கைங்க?"

"கடுகு பொறுக்காத கை."

பாவம், அப்படியே வெளுத்துப் போயிட்டான். சட்டைய மேல சுருட்டினா, சுத்திலும் செவந்து நல்லா பழுத்த கொப்புளம். ஷெட்ல வேலை செய்யற எல்லாருக்கும் ரயில்வே டாக்டர் வரிசைல நிக்க வெச்சுக் குத்திட்டாராம். எனக்கு அதைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருந்துச்சு, கொப்புளத்தைச் சொல்றேன். அதுக்குள்ள பின்னாலயே ராஜம்மா வந்துட்டாங்க. சம்பந்தி முறுக்கெல்லாம் போன இடம் தெரியல.

"சிஸ்டரம்மா, உங்க கால்ல வுழறேன், வாயத் தொறக்காதீங்க. ஏற்கெனவே ரெண்டு வாட்டி எங்களாலதான் தள்ளிப் போச்சு. ஊட்டுல அம்மா வந்திருக்கான்னு தெரிஞ்சா இவங்க கல்யாணத்த நிறுத்திட்டு வேற எடம் பாத்துடுவாங்க. தங்கமான பொண்ணு, வுட்டுட்டா கெடைக்காது."

சிரிப்ப அடக்க முந்தானைய வாயில வெச்சுக்க வேண்டியதாப் போச்சு. அவங்க இவங்களுக்குப் பயந்து மறைக்கிறாங்க, இவங்க அவங்களுக்குப் பயந்து குத்திக்க மாட்டேங்கிறாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டீ குடிச்சே வயித்தப் புண்ணாக்கிக்கிட்டேன்.

இங்கதான் நிதானம் வேணும். நான் உள்ள போய் பட்டுன்னு போட்டு உடைச்சா என்ன ஆகும்? நாலு பேர் நடுவுல ராஜம்மாவுக்கு அவமானம், கன்னியம்மாக்காவுக்கு ஏமாந்த கோவம், பேச்சு தடிச்சுக் கல்யாணம் நின்னாலும் நிக்கும். அப்புறம் அந்தச் சந்து எனக்கு ஜென்மத்துக்கும் கை நீட்டாது. சரி, வாய மூடிக்கிட்டா? பக்கத்து சந்துல இருக்கற நோய் வாய மூடிக்கிட்டு அங்கயே இருக்குமா? வசந்தா கைல தழும்பு இல்லையேங்கிறதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்துது.

"நான் சொல்ல மாட்டேம்மா. நீங்களே சொல்லுங்க, தனியா, அவங்க ஒருத்தர்கிட்ட மட்டும். நீங்க சொல்லலேன்னா, மாப்பிள்ளை ஏன் கடுகை ஒதுக்கினாருன்னு நான் அவங்களை ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அவ்வளவுதான்"னேன்.

ராஜம்மா என்னைப் பார்த்த பார்வைய இன்னும் மறக்கல. ஆனா சொன்னாங்க. பாத்திரம் கழுவற குழாயடில கன்னியம்மாக்காவ உக்கார வெச்சு, கையப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னாங்க. கன்னியம்மாக்கா கைய விடுவிச்சுக்கிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா. நான் மாரியாத்தாள நினைச்சுக்கிட்டேன், உங்களுக்கு என்ன, எனக்கும் அவ தெய்வம்தானே. கடைசியா பாத்திரத்தக் கவுத்துட்டுக் கேட்டா.

"அப்ப கொழம்புல உப்பு ஜாஸ்தி இல்லியே?"

"என்னாது?"

"மாப்ள தொடாம எழுந்துட்டாரே, உப்பு கரிச்சிடுச்சோன்னு நான் செத்துப் போயிட்டேன் அண்ணி!"

அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாய்ஞ்சு அழுதாங்க. சிரிச்சாங்களா அழுதாங்களான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இதுக்குள்ள கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த வசந்தா வெளிய வந்தா. யாரையும் பார்க்கல. எனக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்து கைய நீட்டிட்டா.

"அவருக்கு வந்தது எனக்கும் வரட்டும். குத்துங்க சிஸ்டர்."

"அடிப் பாவி மவளே, தாலி கட்டறதுக்குள்ள என்னா அவசரம்!"னு கன்னியம்மாக்கா தலைல அடிச்சுக்கிட்டா. ராஜம்மாதான் அப்ப ஒரு சட்டம் போட்டாங்க, எந்தச் சாஸ்திரத்துல இருக்கோ தெரியாது. "தானா வந்தாத்தான் அண்ணி அவளுக்குக் கோவம். நாம்ப கூப்ட்டு வந்தா அவ விருந்தாளி. விருந்தாளி வந்தா கல்யாணம் எதுக்கு நிக்கணும்? அவளுக்குப் புடிக்காதத சமைக்காம இருந்தா போச்சு." இதைக் கேட்டதும் கன்னியம்மாக்கா முகம் தெளிஞ்சுது. எழுந்து வாசலுக்குப் போய் இடுப்புல கை வெச்சுக்கிட்டுச் சந்து முழுக்கக் கேக்கற மாதிரி கூவினா.

"ஏ, எல்லாம் வாங்கடி! உங்க வாக்கத் திருப்பிக் குடுத்துட்டேன்! வந்து கைய நீட்டுங்க!"

அன்னிக்குப் புடவை எடுக்கப் போகல. ஓடிப் போய் டிஸ்பென்சரிலேருந்து மருந்துப் பைய எடுத்துட்டு வந்து, பொழுது சாயற வரைக்கும் குத்தினேன். வெள்ளிக்கிழமைக்காரி வந்தா, ஊட்டுக்காரரக் கேக்கணும்னவ ஊட்டுக்காரரையே இழுத்துக்கிட்டு வந்தா, முறுக்கு கடிச்ச புள்ள மட்டும் ஊரக் கூட்டி அலறிச்சு. ஒருத்தர்கூட என்னை மருந்தைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. அவங்களுக்கு நான் புதுசா எதையும் சொல்லவும் இல்ல. குடுத்த வாக்குலேருந்து விடுதலை மட்டும்தான் அவங்களுக்கு வேண்டியிருந்துது. அடுத்த வாரம் போனப்ப சந்துல எல்லார் கைலயும் கொப்புளம், எல்லார் வாசல்லயும் வேப்பிலை. பெரிய சிஸ்டர் வந்து ஒவ்வொரு கையாப் பார்த்தாங்க. என் முதுகுல ஒண்ணு வெச்சாங்க, அது பாராட்டுன்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, வலி போனப்புறம்.

கல்யாணம் நடந்துது. மாவிலைத் தோரணத்தோட வேப்பிலைத் தோரணமும் தொங்கின பந்தல் நான் பார்த்தது அது ஒண்ணுதான். காய்ஞ்சவங்களுக்குத் தண்ணி ஊத்தியாச்சு, ஆனா சந்துல சிலருக்கு இன்னும் பொருக்கு உதிரல. அதனால சாப்பாடு முழுக்கத் தாளிப்பு இல்லாம. சமையல்காரர் கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு, "கடுகு வெடிக்காத கல்யாணத்துல என் பேர யாரும் சொல்லாதீங்க"ன்னுட்டாரு. சாம்பார் சாம்பாராவே இல்ல, ரசம் வெந்நீர் மாதிரி. நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்னிக்குக் காலைலதான் பம்பாய்லேருந்து கன்னியம்மாக்காவோட தம்பி ஏழுமலை வந்து இறங்கினாரு. பரேல்ல மில் வேலை, மில் ஆளுங்க இருக்கற ஒரு சால்ல, அதாவது வரிசை ரூம் கட்டடத்துல, குடியிருப்பு. அந்தக் கல்யாணத்துக்கே கலகலப்பு அவர்தான். அவங்க வழக்கப்படி பொண்ணத் தாய்மாமன் தூக்கிக்கிட்டு வந்து மணைல உக்கார வைக்கணும். "என்னா கனம் கனக்கிற வசந்தா, உங்கம்மா கல்லப் போட்டு வளத்தாளா?"ன்னு கேலி பண்ணிக்கிட்டே தூக்கிட்டு வந்தாரு. கொஞ்சம் மூச்சு வாங்கிச்சு. முகம் சிவந்திருந்துது. உடம்பு சுடுதேன்னு யாரோ கேட்டதுக்கு, ரயில் அலுப்புன்னாரு. பந்தில உக்காந்து ஒரு வாய் வெச்சதும், "அக்கா, இது கல்யாணச் சோறா ஆஸ்பத்திரிச் சோறா?"ன்னு சத்தம் போட்டாரு. பந்தி முழுக்கச் சிரிப்பு.

கன்னியம்மாக்கா பெருமையா அவர் முன்னால போய் தன் கைய நீட்டிக் காட்டினா. "பார்றா, நாங்க எல்லாம் குத்திக்கினோம். சந்து பூரா. மாப்ளயும் பொண்ணும்கூட. உன் கை எங்க, காட்டு."

அவர் சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் விரிச்சாரு. "எனக்கா? நீதானே அக்கா சொல்லி அனுப்பின, கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் குத்திக்கக் கூடாதுன்னு. எங்க சாலுக்கு ரெண்டு வாட்டி அம்மை குத்த வந்தாங்க. பக்கத்து ரூம்காரன்லாம் குத்திக்கினான். நான் மாட்டேன்னுட்டேன். எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நான் சுத்தமாப் போவணும்னேன். பாத்தியா, உன் பேச்சக் காப்பாத்திட்டேன்."

கன்னியம்மாக்கா நீட்டின கை நீட்டினபடியே நின்னுது. சந்துக்குக் குடுத்த வாக்கத் திருப்பிக் குடுத்தவ, பம்பாய்க்குச் சொல்லி அனுப்பின வாக்கத் திருப்பிக் குடுக்க மறந்துட்டா. கல்யாண வேலைல யாருக்குத்தான் நினைப்பு வரும்? நான் சாப்பாட்ட அப்படியே விட்டுட்டு ஓடிப் போய் பையத் தூக்கிட்டு வந்து அங்கயே அவருக்குக் குத்தினேன். அவர் அதையும் கேலி பண்ணாரு. ஆனா நோய் அவர்கூட ரயில்லயே வந்துடுச்சு, அதுக்கு என் மருந்து எட்டல. மறுநாள் சாயங்காலம் முகத்துல முத்து முத்தா கிளம்பிடுச்சு.

அவரைத் தொத்து நோய் ஆஸ்பத்திரில வெச்சிருந்தாங்க. கன்னியம்மாக்காவ உள்ள விடல. வேலிக்கு வெளிய மரத்தடில உக்காந்திருப்பா, எழுந்து வீட்டுக்குப் போக மாட்டா. நான் ஒவ்வொரு நாள் காலைலயும் முதல் வேலையா கோர்படி போய் வசந்தா முகத்தப் பார்த்துட்டுத்தான் டிஸ்பென்சரிக்குப் போவேன். அவளைத் தூக்கிச் சுமந்தவர் அவர். வசந்தாவுக்கு ஒண்ணும் ஆகல. மாப்பிள்ளைக்கு ஆகல. அந்தச் சந்துல, அவர் கட்டிப் பிடிச்சவங்க, கன்னத்தக் கிள்ளின புள்ளைங்க, ஒருத்தருக்கும் ஒரு பொட்டுகூட வரல. ஏழுமலை மட்டும் போயிட்டாரு.

பொண்ணுங்களா, இதைக் கேலியா ஆரம்பிச்சேன், கேலியாவே முடிக்க முடியல. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாட்டேன்னு சொன்னவ ஒரு நாள் மனசு மாறிக் கைய நீட்டுவா. உங்களுக்குத் தலைகால் புரியாது. பைய மூடிட்டுக் கிளம்பிடாதீங்க. "வேணாம்னு வேற யார்கிட்டயாவது சொல்லி வெச்சிருக்கீங்களாம்மா?"ன்னு கேளுங்க. வேணாங்கிற சேதி எக்ஸ்பிரஸ் ஏறிப் போகுது. பரவால்ல, போட்டுக்கோங்கிற சேதி பொடிநடையாத்தான் போகுது.

கன்னியம்மாக்கா என்னை ஒரு நாளும் திட்டல, தன்னையும் வெளிய திட்டிக்கல. தம்பி பேரையே அப்புறம் அவ வாயால நான் கேட்டதில்ல. ஆனா அந்தச் சந்துல யார் வீட்டுக் கல்யாணமானாலும் பம்பாய்ப் பக்கம் அழைக்கப் போனது அவதான். கார்டு போட்டா போதும், போறவங்ககிட்ட சொல்லி அனுப்பினா போதும்னு எல்லாரும் சொல்லுவாங்க. கேக்க மாட்டா. வெத்தலை பாக்குத் தட்டோட தானே பாசஞ்சர் ஏறுவா. பரேல்ல அந்தச் சால்ல ஒவ்வொரு கதவாத் தட்டி, "கல்யாணத்துக்கு வாங்க, வரும்போது கை குத்திக்கினு வாங்க"ன்னு சொல்லுவா. சொன்னதோட விடாம கைய நீட்டச் சொல்லி, தழும்பத் தடவிப் பார்த்துட்டுத்தான் பாக்கு வைப்பா. அவ தம்பி இருந்த ரூம்ல அதுக்கப்புறம் வேற யாரோ குடி வந்துட்டாங்க, தமிழே தெரியாதவங்க. அந்தக் கதவையும் தட்டி, அவங்க கையையும் தடவிப் பார்த்து, பாக்கு வெச்சுட்டுத்தான் படி இறங்குவா.